எட்டு மாதக் குழந்தையோடு ஒரு செமஸ்டர்

முதுகலை இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பியபோது மகளுக்கு எட்டு மாதம். சேர்க்கையைப் புதுப்பிக்கும் படிவத்தில் முகவரி, வங்கிக் கணக்கு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் கேட்டார்கள். குழந்தை இருக்கிறதா என்று கேட்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவும் இல்லை. பிறகு அலைந்த அலைச்சலில்தான் புரிந்தது: எனக்கு ஒரு குழந்தை இருப்பது பல்கலைக்கழகத்துக்கே தெரியாது. நாமாகப் போய்ச் சொல்லும்வரை எந்த உதவியும் தேடி வராது.

வளாகத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது போய்க் கேட்டேன். கைக்குழந்தைகள் என்றால் ஒரு பணியாளர் மூன்று நான்கு பேரைத்தான் பார்த்துக்கொள்ள முடியும், அதனால் அந்த வயதுக்கு இடமே குறைவு. "வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்து வைக்கணும்மா" என்றார் அங்கிருந்த அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வந்தேன். இடம் கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. அதுவரை நானும் கணவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

ஆய்வேட்டு வழிகாட்டியிடம் பேசியபோது, "ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நானும் கிட்டத்தட்ட சரி என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, என்னோடு படித்த, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு அக்கா, "விடுப்பு எடுத்தால் உதவித்தொகை என்ன ஆகும், குடும்பக் குடியிருப்பில் இருக்கலாமா, நூலகக் கணக்கு திறந்திருக்குமா, மூன்றையும் முதலில் கேள்" என்றார். கேட்டேன். மூன்றுக்கும் மூன்று அலுவலகங்கள். விடுப்பில் காலக்கெடு நின்றுவிடும், அது நல்லதுதான். ஆனால் விடுப்பில் இருப்பவரை மாணவராகக் கணக்கில் எடுக்கமாட்டார்களாம். உதவித்தொகை நிற்கும், குடியிருப்பையும் காலி செய்ய வேண்டியிருக்கும். பகுதிநேரமாக மாறினாலும் உதவித்தொகை போய்விடும். கடைசியில் எனக்குப் பொருந்தியது மூன்றாவதாக ஒன்று: முழுநேர மாணவியாகவே இருந்துகொண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதியை மட்டும் தள்ளிவைப்பது. அப்படி ஒரு வழி இருப்பதை யாரும் தாமாகச் சொல்லவில்லை, விதிமுறைப் புத்தகத்தில்தான் பார்த்தேன். ஒவ்வொரு பதிலையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டேன். வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த மாதம் அதே நாற்காலியில் இருப்பார் என்று சொல்லமுடியாது.

பால் எடுப்பதுதான் என்னை ரொம்பவும் வருத்தியது. முதல் இரண்டு வாரம் கழிவறையில் எடுத்தேன். குழந்தை குடிக்கப்போகும் பால், அதை அங்கே வைத்து எடுக்கும்போது மனம் பொறுக்கவில்லை. மாணவர் நல அலுவலகத்தில் சொன்னபோதுதான் வேறொரு கட்டடத்தில் பாலூட்டும் அறை இருப்பது தெரிந்தது. ஊழியர்களுக்காக ஏற்படுத்தியது, சாவியும் பணியாளர் பிரிவில் இருந்தது. மாணவிகள் யாரும் கேட்டதில்லையாம். எழுதிக் கொடுத்தேன், இரண்டே நாளில் சாவி கைக்கு வந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, கை கழுவும் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் அறை. ஆனால் அந்த ஃபிரிட்ஜ்தான் என் நாளையே மாற்றியது. எடுத்த பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம்தான் தாங்கும், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். அதற்கு முன்பெல்லாம் மதிய வகுப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

காப்பகத்தில் சேர்ந்ததும் காய்ச்சல் ஆரம்பித்தது. புதிதாகப் பல பிள்ளைகளோடு இருக்கத் தொடங்கும் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் அடுத்தடுத்து வருவது இயல்புதான் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்தால்தான் காப்பகத்தில் திரும்பச் சேர்ப்பார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கே மூன்று நாள் போய்விடும். ஆசிரியர்களிடம் "கொஞ்சம் அனுசரியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டபோது எதுவும் நடக்கவில்லை. அப்புறம் காப்பகத்தின் விதியை இணைத்து, இரண்டே விஷயம் கேட்டு எழுதினேன். அந்த நாட்களின் வகுப்புப் பதிவு வேண்டும், தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் மாற்றுத் தேதி வேண்டும். நான்கு பேரில் மூன்று பேர் அன்றைக்கே சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்று கேட்டார். சளிக்கெல்லாம் குழந்தையைச் சான்றுக்காகத் தூக்கிக்கொண்டு போக வைப்பது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

செமஸ்டர் முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, அது யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார்கள். முதலாண்டில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவளைக் கூட்டிக்கொண்டு போய், அவள் பெயரிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னேன். வரும் வழியில் காப்பகத்திலும் பெயர் பதிந்துவிட்டோம்.