சம்ப் மீட்டரும் மூன்று சிவப்பு டெஸ்டும்

எங்கள் அடுக்ககத்து சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை நங்கநல்லூர் வீட்டில் ஓட்டிவருகிறேன். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, தண்ணீர் லாரிக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்த நாட்களில் வந்த ஆசை இது. சம்ப் மூடிக்கு அடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். அது சொல்லும் தூரத்தை ஒரு பழைய லேப்டாப் பெற்றுக்கொண்டு ஃபைலில் போடும். சென்சார் கதையை விட்டுவிட்டு இந்தத் தடவை அந்த ஃபைலைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு அளவீட்டுக்கு 16 பைட். நேரத்துக்கு 8, தூரத்துக்கு 4, சரிபார்ப்பு எண்ணுக்கு 4. ஒரு நாளைக்கு 1440 அளவீடு, அதாவது 23,040 பைட். ஒரு வருடம் சேர்ந்தாலும் சுமார் 84 லட்சம் பைட்தான். மாதக் கணக்கில் கிராஃப் வரையும்போது ஃபைலை மெமரியில் விரித்துப்போட்டு, அர்ரே மாதிரி நேராக எட்டிப் படிப்பது சௌகரியமாக இருந்தது. எம்மேப் என்பது அதுதான். எழுதுவதையும் அதே வழியில் வைத்தேன். கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மொத்தம் 41, என் லேப்டாப்பில் எல்லாமே பச்சை, அதாவது பாஸ்.

தாம்பரத்தில் இருக்கும் அக்கா பையன் தங்கள் வீட்டு சம்ப்புக்கும் இது வேண்டும் என்றான். அவனுடைய லேப்டாப்பில் லினக்ஸ் ஒரு விஎம்முக்குள், அதாவது மென்பொருளாலேயே உருவாக்கிய இன்னொரு கம்ப்யூட்டருக்குள், ஓடுகிறது. கோட், டேட்டா எல்லாம் வெளியே இருக்கும் இயந்திரத்தின் ஃபோல்டரில். அந்த ஃபோல்டரை விஎம்முக்குள் ஷேர்டு ஃபோல்டராக மவுண்ட் பண்ணி, அதாவது இணைத்து, வைத்திருக்கிறான். வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"மாமா, 38 பாஸ், மூணு ஃபெயில்."

"எந்த மூணு?"

"மூணுமே எம்மேப் டெஸ்ட்தான். ஆனா டெம்ப் ஃபோல்டர்ல வச்சு ஓட்டினா எல்லாம் பாஸ் ஆகுது. பேசாம டெஸ்ட்ட அங்கயே ஓட்டிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். நாளைக்கு நிஜ டேட்டா உட்காரப்போவது ஷேர்டு ஃபோல்டரில். விஎம்மை அழித்தாலும் அளவீடுகள் தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் அங்கே வைத்திருக்கிறான். டெஸ்ட்டை வேறு இடத்தில் ஓட்டிப் பச்சை வாங்கினால் அது அந்த இடத்துக்கான பச்சை, ஷேர்டு ஃபோல்டரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

முதல் ஃபெயில் காட்டிய பிழை எண் 22, 'இன்வேலிட் ஆர்குமென்ட்'. இந்த எண் என்னை இரண்டு நாள் தவறான திசையில் இழுத்துப்போனது. எம்மேப்புக்குக் கொடுக்கும் ஆஃப்செட், அதாவது ஃபைலில் எந்த பைட்டிலிருந்து தொடங்குவது என்ற எண், மெமரியை லினக்ஸ் பிரித்துக் கையாளும் துண்டான பேஜின் அளவுக்கு மடங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் இதே 22தான் வரும். என் கணக்கிலோ ஒரு பேஜுக்கு, அதாவது 4096 பைட்டுக்கு, 256 அளவீடு. ஒரு நாளின் 1440 அளவீடு ஐந்து பேஜை நிரப்பி ஆறாவது பேஜில் 160 அளவீடு வரை போகும். இரண்டாவது நாள் தொடங்குவது 23,040-இல், அது 4096-இன் மடங்கு இல்லை. அதனால் 20,480-க்கு இறங்கி அங்கிருந்து மேப் செய்து, 2560 பைட் தள்ளிப் படிக்கும்படி எழுதியிருந்தேன். தப்பு அங்கேதான் இருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு நாளின் ஆஃப்செட்டையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போனேன். அக்கா கொடுத்த காபியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், புரோகிராம் கேட்பதையெல்லாம் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் போட்டோம். அதில் எம்மேப் கேட்ட ஒரு வரியில் விஷயம் தெரிந்துவிட்டது. ஆஃப்செட் 0. நீளம் 23,040. படிக்க, எழுத அனுமதி, ஷேர்டு (மெமரியில் மாற்றுவது ஃபைலுக்கும் போகும் வகை). விடை 22. ஆஃப்செட் சைபராக இருந்தும் கர்னல் மறுக்கிறது என்றால், நோட்டில் நான் போட்ட கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து மவுண்ட் பட்டியலைப் பார்த்தோம். ஃபைல் சிஸ்டத்தின் பெயர் 9பி. பெல் லேப்ஸில் பிளான் 9 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக உருவான புரோட்டோகால் இது. விஎம்முக்குள் இருக்கும் கர்னல் கேட்க, வெளியே இருக்கும் சர்வர் ஃபைலை எடுத்துக் கொடுக்கும். உள்ளே இருப்பவருக்கு அது சாதாரண ஃபோல்டர் மாதிரியே தெரியும். மவுண்ட் செய்யும்போது கேச் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் 9பி-யில் கேச் கிடையாது, ஒவ்வொரு ரீட்டும் ரைட்டும் நேராக வெளியே போகும். எழுதக்கூடிய ஷேர்டு மேப்புக்கோ பேஜ் கேச், அதாவது ஃபைலின் பேஜ்களைக் கர்னல் மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம், இருந்தே ஆக வேண்டும். நாம் மெமரியில் மாற்றும் பேஜ் அழுக்காகி எங்கோ தங்கி, பிறகுதான் ஃபைலுக்குப் போகும். தங்க இடமில்லாததால் கர்னல் முதலிலேயே மறுத்துவிடுகிறது. அது நியாயம்தான். ஆஃப்செட் தப்புக்கும் இதற்கும் ஒரே எண்ணைத் திருப்பித் தருவது மட்டும் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

மவுண்ட் வரியில் 'கேச்=எம்மேப்' என்று சேர்த்து மறுபடி மவுண்ட் செய்தோம். முதல் டெஸ்ட் பச்சை. இரண்டாவது டெஸ்ட் இப்போது மேப்பைத் தாண்டிப் போய் வேறொரு இடத்தில் விழுந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அந்த டெஸ்ட் மேப் வழியாக ஒரு அளவீட்டை எழுதும். உடனே அதே ஃபைலை இன்னொரு தடவை திறந்து, மேப் இல்லாமல் ஃபைலில் குறிப்பிட்ட இடத்தை நேராகப் படிக்கும் பிரீட் வைத்து அதே இடத்தைப் படித்து ஒப்பிடும். எழுதியது 16 பைட், படித்தால் வந்தது 16 சைபர். ஸ்ட்ரேஸ் இங்கே உதவாது. மேப்பில் எழுதுவது சிஸ்டம் கால், அதாவது கர்னலிடம் வைக்கும் கோரிக்கை, இல்லை, வெறும் மெமரி எழுத்து, அதனால் பட்டியலில் அதன் சுவடே இருக்காது. நடுவில் ஒரு நொடி தூங்கவைத்தோம். ஃபெயில். பத்து நொடி, அப்போதும் ஃபெயில். நாற்பது நொடி கொடுத்தபோது பாஸ்.

"தூங்கினா பாஸ் ஆகுது. அப்போ டைமிங் பிரச்சனையா மாமா?"

"இல்லடா. அந்த நாப்பது செகண்ட்ல யாரோ வந்து எழுதிட்டுப் போறாங்க. யாருன்னு பாரு."

வந்து எழுதியது கர்னல். அழுக்கான பேஜ் 30 நொடி பழையதானால் அதை வெளியே தள்ள வேண்டும் என்பது லினக்ஸின் இயல்பான அமைப்பு. அதுவரை நம் 16 பைட் விஎம்மின் பேஜ் கேச்சிலேயே இருந்தது. அவனுடைய 5.15 கர்னலில், 'கேச்=எம்மேப்' நிலையில் மேப் மட்டும்தான் பேஜ் கேச்சைப் பயன்படுத்தும். ரீட் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக வெளியே இருக்கும் சர்வரிடம் கேட்கும். சர்வரிடம் இருப்பது பழைய ஃபைல், அதில் சைபர்தான். ஒரே ஃபைலுக்கு இரண்டு வாசல் இருந்தும் உள்ளே இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. என் லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் மேப்பும் ரீட்டும் ஒரே பேஜைத்தான் பார்க்கும், அதனால் எழுதிய நொடியே தெரியும். அதை எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் பொதுவான உறுதி என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் அப்படி எந்த உறுதியும் தரவில்லை. மேப்பையும் ரீட், ரைட்டையும் கலந்து பயன்படுத்தினால் ஒத்திசைவைப் புரோகிராம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மேப்பில் மாற்றியதை ஃபைலுக்குத் தள்ளும் எம்சிங்க் அதற்காகத்தான் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன்னால் எம்சிங்க் ஒரு வரி சேர்த்தோம், எழுதி முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் ஆப்ஷனோடு. பாஸ். டெஸ்ட்டில் மட்டும் சேர்த்து நிறுத்தாமல் நிஜ கோடிலும் ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் போட்டுவிட்டேன். நிமிடத்துக்கு ஒரு தடவை என்பதால் அதன் செலவு கண்ணுக்கே தெரியாது. கரண்ட் போனாலும் கடைசி அளவீடு ஃபைலில் இருக்க வேண்டும் என்பதற்காக முதல் நாளே சேர்த்திருக்க வேண்டிய வரி அது.

மூன்றாவது சீக்கிரம் முடிந்தது. தற்காலிக ஃபைலைத் திறந்த கையோடு அதன் பெயரை அழித்துவிட்டு, பிறகு எஃப்டிரங்கேட் வைத்து அளவை நீட்டும் பழைய யூனிக்ஸ் வழக்கம் எனக்கு உண்டு. உள்ளூர் ஃபைல் சிஸ்டத்தில் பெயர் போனாலும் கடைசி ஆள் மூடும் வரை ஃபைல் உயிரோடு இருக்கும். இங்கே அளவை மாற்றச் சொல்லும் கோரிக்கை வெளியே போகிறது, சர்வர் பெயரை வைத்துத் தேடுகிறது, பெயர் இல்லை. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று பதில் வந்தது. அழிப்பதைக் கடைசிக்கு நகர்த்தினோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு யோசனை ஓடியது. ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணைப் பார்த்து 9பி என்றால் மேப்பைத் தவிர்த்துவிடலாம் என்று ஒரு பட்டியல் எழுதினேன். ஹெக்ஸில், மெமரியிலேயே ஃபைல்களை வைக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸின் எண் 01021994, 9பி-யின் எண் 01021997. கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம், முதல் தடவை நான் மாற்றியே எழுதிவிட்டேன். அதைத் திருத்திய பிறகுதான் பட்டியலே தப்பு என்று பட்டது. அதே 9பி காலையில் மறுத்தது, ஒரு மவுண்ட் சொல்லை மாற்றியதும் ஒத்துக்கொண்டது. பெயரை வைத்து முடிவு செய்தால் இரண்டு நிலையில் ஒன்று கட்டாயம் தப்பாகும்.

பட்டியலை எடுத்துவிட்டு, புரோகிராம் தொடங்கும்போதே அந்த ஃபோல்டரைச் சோதிக்கும்படி எழுதினேன். டேட்டா ஃபோல்டரில் ஒரு பேஜ் அளவுக்குச் சின்ன ஃபைல் உருவாக்கும், எழுதக்கூடிய ஷேர்டு மேப் கேட்கும், ஒரு பைட் எழுதும், எம்சிங்க் செய்யும், பிரீட் வைத்துத் திரும்பப் படிக்கும். எந்தப் படியில் தடுக்கினாலும் அந்த ஃபோல்டரில் மேப் கிடையாது, எல்லாமே பிரீட், அதன் எழுதும் ஜோடியான பிரைட் வழியாகப் போகும். வருடத்துக்கு 84 லட்சம் பைட்டை மொத்தமாகப் படித்துக் கிராஃப் வரைந்தாலும் தாமதம் தெரியவில்லை. டெஸ்ட்டுகள் இரண்டு வழியிலும் ஓடும்.

விஎம்முக்குள்ளிருந்து மேப் செய்திருக்கும் ஃபைலை வெளியிலிருந்து யாராவது மாற்றினால் உள்ளே இருக்கும் பேஜுக்குத் தகவல் போகாது. அதனால் எழுதுவது ஒரே ஒரு புரோகிராம், அதுவும் உள்ளேயிருந்து மட்டும் என்று வைத்துக்கொண்டோம். வெளியே அவன் பேக்கப் எடுக்கலாம், கைவைக்கக் கூடாது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் WAL முறை (மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதுவது) நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்யாது என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருப்பதும் இதே வகைக் காரணத்தால்தான். பல புரோசஸ்கள் ஒரே மெமரியைப் பகிர்வதை அது நம்பியிருக்கிறது.

சாயங்காலம் கிளம்பும்போது கேச் இல்லாத மவுண்ட், 'கேச்=எம்மேப்' மவுண்ட், டெம்ப் ஃபோல்டர் மூன்றிலும் எல்லா டெஸ்ட்டும் பாஸ். செவ்வாய்க்கிழமை காலை அவன் சென்சாரை மாட்டினான். தாம்பரத்து சம்ப்பின் முதல் அளவீடு மூடியிலிருந்து 112 சென்டிமீட்டர்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கோடில் பேஜ் அளவைச் சிஸ்டத்திடம் கேட்டுத்தான் வாங்குகிறேன், ஆனால் இரண்டு டெஸ்ட்டில் 4096 என்று நேராக எழுதியிருப்பதை ரயிலில் திரும்பி வரும்போது பார்த்தேன். பேஜ் 16,384 பைட் இருக்கும் ஏஆர்எம் சிப் இயந்திரங்களில் அவை விழும். அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும்.