குளோசபின் நோட்டு: முதல் 18 வாரங்கள்

2024 மே 27, திங்கள்

தம்பிக்குக் குளோசபின் தொடங்கலாம் என்று மருத்துவர் இன்று சொன்னார். அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் இரண்டையும் உரிய அளவில், உரிய காலத்துக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. தூக்கம் வந்தது, உடல் பருத்தது, ஆனால் காதில் பேசும் குரல்கள் ஓயவில்லை. அப்படி இரண்டு மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்குத்தான் குளோசபினைக் கையில் எடுப்பார்கள் என்றும், அந்த நிலையில் இதற்கு ஈடான வேறு மருந்து இல்லை என்றும் மருத்துவர் விளக்கினார்.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. யாரோ அவரிடம் அது ரத்தத்தைக் கெடுக்கும் மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர், 1975இல் பின்லாந்தில், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப்போய்த் தொற்று கண்டு இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து முடங்கியது. பிறகு 1988இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வேறு மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 விழுக்காட்டினர் ஆறே வாரத்தில் இதனால் தேறினார்கள் என்றும், பழைய மருந்தான குளோர்புரோமசினால் தேறியவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே என்றும் தெரிந்தது. ரத்தத்தை விடாமல் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது. இதை அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சோதனைக்கு யார் கூட்டிப் போவது?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

முதல் ஒரு வாரம் வார்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, அதாவது 12.5 மில்லிகிராம், தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன். இத்தனை பேச்சுக்கும் பயத்துக்கும் காரணமான பொருள் ஓர் உளுந்தில் பாதி போல அங்கே கிடந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினான். பிறகு செவிலியர் வந்து, படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்றதும் ஒருமுறையும் ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் போட வாய்ப்பிருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள்.

இன்று காலையில் எடுத்த ரத்தக் கணக்கில் மொத்த வெள்ளை அணுக்கள் 7,200, அதில் தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் வகை 58 விழுக்காடு. இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 4,176. வாரந்தோறும் நான் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான் என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,500க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். வெள்ளை அணுக்கள் அற்றுப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது; நேர்ந்தால் பெரும்பாலும் முதல் 18 வாரங்களுக்குள் நேர்கிறது. ஆகவே 18 திங்கட்கிழமைகள் ரத்தம் கொடுக்க வேண்டும். இதற்கென்றே ஒரு நீளநோட்டு வாங்கிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையில் அவன் தலையணை தோய்த்தெடுத்தது போல நனைந்திருந்தது. தூக்கத்தில் எச்சில் ஒழுகுவது இந்த மருந்தில் மிகச் சாதாரணம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் 31 வயதுப் பிள்ளை, அம்மா பார்ப்பதற்கு முன்னால் உறையை உருவி ஒளித்து வைத்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தலையணைமேல் துண்டு விரித்து, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். மல்லாந்து படுத்தால் புரையேறும்.

ஜூன் 20, வியாழன்

பிற்பகல் மூன்று மணிக்குக் காய்ச்சல் 101. மருந்து தொடங்கி 18 நாள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னார்; வேறு எந்த மருந்தாக இருந்தாலும் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில் மருத்துவரே தம் கையால், "காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குதல்: அன்றைக்கே வரவும்" என்று எழுதியிருக்கிறார். ஆட்டோ பிடித்துப் போனோம்.

வெள்ளை அணுக்கள் குறைந்ததால் வந்த தொற்றா என்று ரத்தக் கணக்குப் பார்த்தார்கள். இதயத் தசை அழற்சியா என்று இசிஜியும், இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் டிரோபோனின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தச் சோதனைகளும் பார்த்தார்கள். இந்த இதய அழற்சி அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் நான்கைந்து வாரங்களுக்குள் வரும், விரைவில் உயிரைப் பறிக்கவும் கூடும். இரண்டும் இல்லை என்று இரவு ஒன்பது மணிக்கு உறுதியாயிற்று. தொடக்க வாரங்களில் காரணமின்றிக் காய்ச்சல் வந்து போவதும் உண்டாம். எதுவும் இல்லை என்று கேட்பதற்காக ஆறு மணி நேரம் காத்திருந்ததைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

இந்தக் குறிப்பை எழுதக் கூச்சமாக இருந்தது. ஆனால் கூச்சம்தான் இதில் ஆபத்து. தம்பி நான்கு நாளாக மலம் கழிக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "போனேன் அக்கா" என்றான். இன்று வயிறு உப்பி, இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளியபோதுதான் உண்மையைச் சொன்னான்.

குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. ரத்தத்தைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், குடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் இந்த மருந்தில் உயிர் போவது ரத்தக் கோளாறைவிட மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்துத்தான் அதிகம் என்றார் மருத்துவர். அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வாழைப்பழத்தையும் இசப்கோலையும் நம்பி இருக்க வேண்டாம். குடல் நகராதபோது நார்ப்பொருள் உள்ளேயே தேங்கி இன்னும் இறுகும் என்று சொல்லி, குடலைத் தூண்டும் மருந்தைத் தினமும் எடுக்க எழுதிக் கொடுத்தார். வயிற்று வலியோ வாந்தியோ சேர்ந்துகொண்டால் நேராக அவசரப் பிரிவு.

சமையலறைத் தினசரி நாட்காட்டியில், தாளைக் கிழிப்பதற்கு முன் தம்பியே ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. வாயால் கேட்க வேண்டாம், அவனும் சொல்ல வேண்டாம். தாளை நான் கிழித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஜூலை கடைசி வாரம் முழுவதும் அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். அளவு 350 மில்லிகிராமில் நின்று இரண்டு வாரம் ஆகிறது, கூட்டவே இல்லை. நேற்று மாலை காப்பி குடிக்கும்போது கை வெடுக்கென்று உதறி டம்ளர் தெறித்து விழுந்தது. அவனும் பயந்துவிட்டான்.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி எனக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றியது: "பீடியை விட்டுவிட்டாரா?" ஆம், இருமல் தாளாமல் பத்து நாள் முன்பு விட்டுவிட்டான். நாளைக்கு ஒரு கட்டு குடித்தவன். நாங்கள் எல்லாரும் மகிழ்ந்து, அம்மா கேசரிகூடச் செய்தார். புகையில் இருக்கும் சில பொருள்கள், குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த நொதி தணிந்து, அதே மாத்திரை ரத்தத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் தேங்கிவிடலாம். தூக்கமும் எச்சிலும் கூடும், இப்படிக் கை உதறும், அதையும் தாண்டினால் வலிப்பு. இது நிகோடினால் ஆவதன்று, புகையால் ஆவது. ஆகவே நிகோடின் சூயிங்கம் மென்றாலும் நிலைமை மாறாது. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க மாதிரி அனுப்பிவிட்டு, மாத்திரையை 250க்குக் குறைத்தார்.

பீடியை விட்டது நல்ல காரியம்தான். அதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நோட்டில் பீடிக்கு ஒரு தனிப் பத்தி இருக்கிறது. திரும்பக் குடிக்க ஆரம்பித்தாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போது மருந்து போதாமல் போகும். அவனைத் திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வெள்ளை அணுக்கள் 4,300, நியூட்ரோபில் 44 விழுக்காடு. ஆய்வகத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து மூன்று முறை பெருக்கினேன்: 1,892. நிறுத்த வேண்டிய எல்லையைத் தொடவில்லை, ஆனால் 2,000க்குக் கீழே. மருந்தைத் தொடரலாம், எண் ஏறும் வரை வாரத்துக்கு இருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

2,510. அப்பாடா.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்றைய தவறு என்னுடையது. சனிக்கிழமை காலை மாத்திரை கொடுத்துவிட்டு, உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்குப் புறப்பட்டோம். பட்டுப்புடவை, சீர்த்தட்டு எல்லாம் ஏறிய பையில் மருந்து டப்பா ஏறவில்லை. என் கைப்பையில் இருக்கிறது என்று அம்மாவும், அம்மாவின் பையில் இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தோம். விழா வீட்டில் எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணி, மாத்திரை போட்டாயிற்று என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறு இரவு அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, குமட்டியது, தூக்கம் வரவில்லை. விழாச் சாப்பாட்டைக் குறை சொன்னோம்.

கிருஷ்ண ஜெயந்தி விடுமுறைக் கூட்டத்தில் பேருந்தில் நின்றபடியே ஊர் வந்து, காலை பத்து மணிக்கு அலமாரியைத் திறந்தால் டப்பா அங்கே இருக்கிறது. விட்டுப்போனதை ஈடுகட்டும் பதற்றத்தில் 250 மில்லிகிராமுக்கான இரண்டரை மாத்திரையையும் உரித்துக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்த 48 என்ற எண் நினைவுக்கு வந்தது. சனி காலை எட்டிலிருந்து இப்போது வரை விரல்விட்டு எண்ணினேன். 50 மணி நேரம்.

48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவைக் கொடுக்கக் கூடாது. மருந்தைத் தாங்கிப் பழகிய உடல் அதற்குள் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. முழு அளவு ஒரேயடியாக உள்ளே போனால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், இதயமோ மூச்சோகூட நின்றுபோகலாம். கைபேசியில் மருத்துவரை அழைத்தேன். கோபப்படவில்லை. மறுபடி 12.5இல் தொடங்கச் சொன்னார், இம்முறை நாளுக்கு எவ்வளவு கூட்டுவது என்று ஓர் அட்டவணை அனுப்பினார். மூன்று நாளுக்குள் கண்டுபிடித்துவிட்டதால் ரத்தப் பரிசோதனைக் கணக்கு மாறவில்லை. வியர்வையும் குமட்டலும் திடீரென்று நின்றதன் விளைவுதான் என்றார். விழாச் சாப்பாட்டில் குறை இல்லை.

குரல்கள் திரும்பிவிட்டனவா என்று தம்பியிடம் கேட்டேன். "தூரத்தில் கேட்கிறது அக்கா, பக்கத்துத் தெரு ரேடியோ மாதிரி" என்றான். ஒன்பது ஆண்டுகளில் அவன் குரல்களைத் தூரத்தில் இருப்பதாகச் சொன்னது இதுவே முதல் முறை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பழைய அளவுக்கு வந்துவிட்டோம். நேற்று முதல் அவனுக்குச் சிறுநீர் கடுக்கிறது. மருந்துக் கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் எடுத்துக் கொடுத்தார்கள். நோட்டு அட்டையில் ஒட்டியிருக்கும் பட்டியலைக் காட்டினேன்: சிப்ரோஃப்ளாக்சசினும் மன அழுத்தத்துக்கான ஃபுளுவாக்சமினும் குளோசபினைச் சிதையவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும், வலிப்புக்கான கார்பமசெபின் தானே வெள்ளை அணுக்களைக் குறைக்கும், ஆகவே சேர்க்கக் கூடாது. கடைத் தம்பி உடனே மாத்திரை அட்டையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, "டாக்டரைக் கேட்டுட்டு வாங்கக்கா" என்றார். மருத்துவர் வேறு ஒன்று எழுதினார்.

எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 92லிருந்து 108. அம்மாவின் இரவு இட்லிக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவனும் நானும் மாலையில் ஆற்றங்கரை வரை நடக்கத் தொடங்கியிருக்கிறோம்.

அக்டோபர் 7, திங்கள்

18 வாரம் முடிந்தது. இன்று மருத்துவர் பரிசோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார். ஓர் ஆண்டுக்குப் பிறகு மாதம் ஒருமுறை, மருந்து இருக்கும் வரை.

ஆய்வகத்தில் ரிப்போர்ட்டை வாங்கி நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தம்பி தாளை என் கையிலிருந்து எடுத்தான். பி.காம். படித்தவன். நோய் வருவதற்கு முன் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதியவன். உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் 6,400, 57 என்று எழுதி, மனக்கணக்காகவே பெருக்கி, 3,648 என்று கீழே கோடிட்டான். பிறகு நோட்டை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தில் அந்த எண்ணைப் பதிந்தான். அடுத்த வரியில் 21 என்று தேதி போட்டுவிட்டு, அன்றைக்கு ஏழரைப் பேருந்துக்கே போய்விடலாமா, கூட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டான்.