பற்றரி வண்டிக்கு லைட் பூட்டும்போது

திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வயசான ஆக்களை வாசலில் இருந்து ஏற்றிவர கோல்ஃப் வண்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு லைட் பூட்டிக் கொடுத்தேன். 8 வோல்ற் பற்றரி 6, மொத்தம் 48 வோல்ற். லைட்டுக்கு 12 போதும்.

"ரெண்டு பற்றரியில மட்டும் எடுத்தால் காணாதே தம்பி?" என்று மண்டபத்து ஐயா கேட்டார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டில் எடுத்தால் 16 வோல்ற், பல்ப் எரிந்துபோகும். அதைவிடப் பெரிய கேடு, அந்த இரண்டும் மற்றவற்றைவிடக் கூட இறங்கும். சார்ஜர் ஆறையும் ஒன்றாக ஏற்றுவதால் இவை நிரம்பாமலே கிடந்து முதலில் சாகும். பிறகு முழு செற்றும் போச்சு.

அதனால் 48 வோல்ற்றை 12 ஆகக் குறைத்துத் தரும் ரெடியூசர் என்ற பெட்டியைப் பூட்டுங்கள். அது ஆறிலும் சமமாக எடுக்கும். சார்ஜ் ஏறும்போது செற் 58 வோல்ற்றுக்கு மேலேயும் போகலாம், அதைத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பியூஸ் பற்றரி பிளஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கவேணும். தள்ளிப் போட்டால், இடையில் வயர் உரசிச் சோட் ஆகும்போது காப்பாற்றாது. சுவிட்ச் ரெடியூசருக்கு முன்னால். இல்லாவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும்.

55 வாட் ஹலோஜன் இரண்டென்றால் 9 அம்பியர் தாண்டும், 10 அம்பியர் ரெடியூசர் கொதிக்கும். நான் எல்ஈடி போட்டேன். நெகட்டிவ்வையும் சேசியில், அதாவது வண்டியின் சட்டத்தில், பூட்டாமல் தனி வயராகவே கொண்டுவந்தேன். அடுத்தது ஹோர்ன், அதற்கும் இதே லைன்தான்.