அத்தையின் நேர்த்தியும் கரும்புத் தொட்டிலும்

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு என் மகள் பிறந்தாள். அவளுக்காகச் சமயபுரத்தாளுக்குக் கரும்புத் தொட்டில் எடுப்பதாக, கரும்பில் கட்டிய தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து கோயிலைச் சுற்றுவதாக, என் மாமியாரான அத்தை வேண்டிக்கொண்டிருந்தது, மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்திருந்த காசை அவர் அவிழ்த்துக் காட்டிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையில்லாத அந்த ஏழு ஆண்டுகளில் ஊரார் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னவரும் அவர்தான்.

எங்களுடையது பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம். பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் பங்குனியில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வருமாறு கணவரிடம் சொல்லிவிட்டு, நானும் அத்தையும் ஊர்ப் பெண்களோடு பூத்தட்டு ஏந்தி நடந்தோம். நடவும் களையும் அடுப்படியும் தவிர வேறெங்கும் போகாதவர்கள், ஓர் இரவு வெளியில் தங்குவதற்கு மாமனார் முதல் மகன் வரை கேட்டாக வேண்டியவர்கள், மகமாயிக்கு நடக்கிறேன் என்று சொன்னால் மட்டும் வீட்டில் மறுப்பு எழுவதில்லை. பாடாலூர் தாண்டி மரத்தடியில் படுத்த இரவில் அவர்கள் சிரித்த சிரிப்பை ஊருக்குள் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் சிறுகனூரை நெருங்கும்போது எங்களோடு வந்த ஓர் அக்காவுக்கு விலக்கு வந்துவிட்டது. நூறு நாள் வேலைக் கூலியில் சேர்த்த பணத்தில் பூ வாங்கி, பாதத்துக் கொப்புளங்கள் உடைந்த பிறகும் தட்டை இறக்காமல் வந்தவர், ஒன்றும் பேசாமல் சாலையோரம் ஒதுங்கி நின்றார். அந்தத் தட்டைத் தொடலாமா என்று சிலர் தயங்க, அத்தை போய் அதை வாங்கித் தம் தட்டில் பூவைக் கொட்டிக்கொண்டார். அம்மனும் பெண்தானே என்ற சொல் எனக்குத் தொண்டை வரை வந்தது; ஆனாலும் அவரை எங்களோடு வாருங்கள் என்று அழைக்கும் துணிவு எனக்கு வரவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்றும் போகவில்லை.

சமயபுரத்தில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். சீக்கிரம் தரிசனம் செய்து வைப்பதாகக் கையைப் பிடித்து இழுப்பவர்களிடமிருந்து தப்பித்துத் தொட்டிலைக் கட்டி முடிப்பதற்குள் குழந்தை அழுது களைத்துவிட்டாள். கணவர் முன்பக்கமும் நான் பின்பக்கமும் கரும்பைத் தோளில் ஏற்றியபோது, அத்தை தூணருகே ஒதுங்கிக் கைகூப்பி நின்றார். மாமனார் இறந்த பிறகு என் வளைகாப்பிலும் அவர் அப்படித்தான் பின்னால் நின்றார். நான் போய் அழைத்தேன்.

"வேண்டாம் தாயி, பாக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க."

"நேர்த்தி உங்களோடது அத்தை. நீங்க பிடிச்சாத்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும்."

உடன் வந்த பெரியவர் ஒருவர் முறையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் கரும்பின் நுனி அத்தையின் தோளில் இருந்தது. வயல் வேலையில் கூன் விழுந்த அந்த முதுகு நிமிர்ந்து பிரகாரத்தைச் சுற்றி வந்ததை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சன்னிதியில் கிடைத்தது சில நொடிகள்தான். துள்ளு மாவும் பானகமும் நீர்மோரும் இளநீரும் மட்டுமே ஏற்று 28 நாள் பட்டினி கிடக்கும் தாயின் முகத்தைக் கண்டதும், கணவனுக்கும் பிள்ளைக்கும் எனக்கும் பேத்திக்கும் என்று ஆயுள் முழுவதும் விரதமிருந்த அத்தைக்காக விரதமிருப்பவள் இவள் ஒருத்திதானே என்று தோன்ற, கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. தாயே, மகமாயி, என் அத்தையை எனக்குத் தந்தாயே என்று மட்டுமே சொல்ல முடிந்தது. யார் தள்ளினார்கள், எப்படி வெளியே வந்தேன் என்பது நினைவில் இல்லை.

ஊர் திரும்பியதும் அந்த அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனோம். தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் காத்திருந்தவருக்கு வைத்துவிட நான் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் என்னைத் தாண்டி அத்தையிடம் போய், "நீங்க வெச்சு விடுங்க பெரியம்மா," என்று நெற்றியைக் காட்டினார்.