குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினராகும்போது

விசுவாசத்தை அறிக்கை செய்தவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் (விசுவாச ஞானஸ்நானம்) கொடுக்கும் பாப்டிஸ்ட் சபையில் அங்கத்துவம் கேட்டுப் போனால், முதல் சந்திப்பே குழந்தை ஞானஸ்நானம் சரியா என்ற விவாதமாகி, ஆதியாகமம் 17-இன் விருத்தசேதனத்துக்கும் அப்போஸ்தலர் 16-இல் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற லீதியாளுக்கும் ஓடிவிடும். லீதியாள் வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா என்று ஒரு மணி நேரம் பேசி முடிக்கையில் விண்ணப்பம் வைத்த இடத்திலேயே கிடக்கும். அதற்கு முன் சபைச் சட்டதிட்டத்தில் அங்கத்துவப் பிரிவை வாங்கிப் படியுங்கள். "விசுவாசத்தை அறிக்கை செய்து முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்றிருந்தால் மூடிய அங்கத்துவம், அதாவது குழந்தை ஞானஸ்நானத்தோடு மட்டும் சேர முடியாது. "விசுவாசத்தை அறிக்கை செய்பவர்கள்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் திறந்தது. பாப்டிஸ்டுகளுக்குள்ளேயே இது பழைய வழக்குதான்: 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் போதகர்களில் ஜான் பனியன் திறந்த பக்கம், வில்லியம் கிஃபின் மூடிய பக்கம்.

நடுவழியும் உண்டு. தான் குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லுபடியாகும் என்று மனசாட்சிப்படி நம்புகிறவரைச் சேர்த்துக்கொள்வார்கள். மூப்பராகவோ உதவிக்காரராகவோ ஆக்க மாட்டார்கள். எழுத்தில் இது அபூர்வம், வாய்விட்டுக் கேட்க வேண்டும். திருவிருந்து, அங்கத்துவம், பொறுப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள். திருவிருந்தில் இடம் கிடைத்ததுமே அங்கத்துவமும் உறுதி என்று நினைப்பதில்தான் மனக்கசப்பு தொடங்குகிறது.

தடை வயதா, முறையா என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். வளர்ந்தபின் விசுவாச அறிக்கையோடு தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர் முறையில் மாட்டுவார். ஆர்த்தடாக்ஸ் சபையில் குழந்தையாக மூன்று முறை முழுக்கப்பட்டவர் வயதில் மாட்டுவார். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லும் மூப்பர் கேள்வியைக் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்யும் திடப்படுத்தல் இங்கே ஞானஸ்நானமாகக் கணக்கில் வராது. ஆனாலும் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்ததற்குச் சான்றாகத் திறந்த சபைகளில் உதவும். அந்தச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல், சபை மாற்றக் கடிதம் இரண்டையும் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பழைய சபையில் வாங்கிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் கடிதம் சிக்கலாகலாம். ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒருமுறைதான் என்கிறது பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. மறு ஞானஸ்நானமாகத் தோன்றக்கூடிய எதையும் தவிர்க்கச் சொல்கிறது உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982-இன் லீமா ஆவணம். ஆனால் புதிய சபையின் கண்ணில் இதுவே முதல் ஞானஸ்நானம். 1525-இல் சூரிச்சில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்டுகள் முழங்கியதும் இதே வாதம்தான். ஆகவே விண்ணப்பத்தில் 'மறு' என்ற சொல்லை எழுதாதீர்கள், அந்த ஒரு சொல்லே கட்சி சேர்ந்துவிடும். மனது ஒப்பாமல், பெயர் சேர்வதற்காக மட்டும் முழுக்கு எடுப்பது இரு தரப்பு உபதேசத்துக்கும் ஆகாது.

எதிர்த்திசைப் பயணம் சுலபம். குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் பிரெஸ்பிட்டேரியன் சபை முழுக்கு ஞானஸ்நானத்தை அப்படியே ஏற்கும். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை முழுவதற்கும் உடன்படுவதைப் பொதுவாகப் பொறுப்பாளர்களிடமே கேட்கும். முள் பிள்ளை பிறந்தபின்தான் குத்தும். ஞானஸ்நானத்தை அலட்சியம் செய்வது பெரும் பாவம் என்கிறது அதே வெஸ்ட்மின்ஸ்டர். பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்கும் பெற்றோரைச் சில மூப்பர் சங்கங்கள் பொறுத்துக்கொள்ளும், சில சேர்க்கவே தயங்கும். 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபை குழந்தை ஞானஸ்நானம், விசுவாச ஞானஸ்நானம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத இடத்தில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

பாப்டிஸ்ட் பக்கம் போகும் குடும்பங்கள் கடைசியில் கவனிப்பது பிள்ளைகளின் பெயரை. குழந்தை ஞானஸ்நானத்தால் பழைய சபைப் பதிவில் திருவிருந்து பெறாத அங்கத்தினராக இருந்தவர்கள், புதிய பட்டியலில் இருக்க மாட்டார்கள். வீட்டில் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.