ஈம்: தனக்குத் தானே எல்லை போட்டுக்கொண்ட ஒரு சேகரம்

இங்கிலாந்தில் கிறிஸ்தவக் கோயில் பார்க்கப் போகிறேன் என்றால் எல்லோரும் கேன்டர்பரியையும் யார்க்கையும் சொல்வார்கள். எனக்கு ஆசை டெர்பிஷயரில் இருக்கும் ஈம் என்ற கிராமத்தின் மேல்தான். 1665-66 கொள்ளைநோயில், நோய் வெளியே போகாதபடி தனக்குத் தானே எல்லை போட்டுக்கொண்ட சேகரம், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருந்த சபை ஊர், அது. ஷெஃபீல்டிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அக்கா அந்தப் பக்கம் குடியிருப்பதால் கார் கவலை இல்லை.

ஊர் மலைச்சரிவில் ஒரு திட்டின்மேல் நீளவாக்கில் கிடக்கிறது. வடக்கே கறுத்த மணற்பாறை மேடு சுவர் போல எழும்புகிறது. தெற்கே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதை அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்குகள். இரண்டு பாறைகளும் சந்திக்கிற இடத்தில் ஊற்று உண்டு, அதனால் ஊரும் உண்டு. அந்த ஊற்று நீரை 1588-லேயே குழாய் வழியாகக் கல்தொட்டிகளுக்குக் கொண்டுவந்து பொதுவில் விட்டிருக்கிறார்கள். தொட்டிகள் சில இன்னும் தெருவோரம் இருக்கின்றன. நிலத்துக்கு அடியில் ஈயம் இருந்ததால், விவசாயத்தோடு ஈயச் சுரங்க வேலையும் இங்கே தலைமுறைத் தொழில்.

பரிசுத்த லாரன்ஸ் கோயில் ஊரின் நடுவில். பெரிய கோயில் அல்ல. முற்றத்தில் நிற்கும் கற்சிலுவை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுத்தண்டில் ஒரு துண்டு காணாமல் போனதால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது, ஆனால் கொடிச் சுருள் வேலைப்பாடு இன்னும் தெளிவு. தெற்குச் சுவரில் 1775-ஆம் ஆண்டுச் சூரிய கடிகாரம். உள்ளே கொள்ளைநோய்க் காலத்து மரணப் பதிவும், அந்தக் கதையைச் சொல்லும் 1985-ஆம் ஆண்டுக் கண்ணாடி ஜன்னலும் உண்டு. எல்லோரும் ஜன்னலைப் படம் எடுக்கிறார்கள். நான் பெயர்ப் பட்டியல் பக்கமாகவே நின்றேன். ஒரே குடும்பப் பெயர் ஐந்தாறு முறை வரிசையாக வந்தால் கண் அப்படியே நின்றுவிடுகிறது.

நடந்தது இதுதான். 1665 கோடையின் முடிவில், இந்த ஊர்த் தையல்காரர் ஒருவர் வீட்டுக்கு லண்டனிலிருந்து துணிக்கட்டு வந்தது. லண்டனில் அப்போது பிளேக். துணி ஈரமாக இருந்ததால் வேலையாள் ஜார்ஜ் விக்கர்ஸ் பிரித்து, நெருப்பருகே உலர்த்தினார். அதில் நோய் சுமந்த தெள்ளுப்பூச்சி இருந்திருக்க வேண்டும். செப்டம்பர் 7-ஆம் தேதி அவர் அடக்கமானார். அந்த வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் நோய் கொஞ்சம் அடங்கி, 1666 கோடையில் மறுபடி எழும்பியது.

அப்போது குருவானவராக இருந்தவர் வில்லியம் மோம்பெசன். வயது முப்பதைத் தொடவில்லை, 1664-ல்தான் வந்தவர். ஊருக்கு அவர்மேல் பெரிய பற்று இல்லை. பற்றெல்லாம் முந்தைய போதகர் தாமஸ் ஸ்டான்லியிடம். 1662-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் புதிய ஜெபப்புத்தகத்தை ஒப்புக்கொள்ளாத ஏறக்குறைய 2000 போதகர்கள் இங்கிலாந்து முழுவதும் விலக்கப்பட்டார்கள். ஸ்டான்லி அவர்களில் ஒருவர். இந்த இடத்தில் எனக்கு உள்ளே ஒரு நெருடல். அந்த 1662 ஜெபப்புத்தகம்தான் பிறகு தமிழாகி, எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் தலைமுறைகளாக ஓதப்பட்டது. கொள்ளைநோயிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் எங்களை இரட்சியும் என்று பாட்டி முழங்காலிட்டுச் சொன்ன லித்தானியா என்ற மன்றாட்டு அதில் உள்ளதே. அதே புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்ததால் இந்த மனிதர் தன் கோயிலை இழந்திருக்கிறார்.

நாற்காலியை இழந்தவரும் அதில் உட்கார்ந்திருப்பவரும் ஒன்றாக நின்று ஊரிடம் பேசினார்கள் என்பதுதான் ஈம் கதையில் என்னை இழுத்தது. மோம்பெசன் தனியாகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகமே. இருவரும் சேர்ந்து மூன்று காரியம் வைத்தார்கள். கோயில் முற்றத்தில் அடக்கம் கிடையாது, அவரவர் வீட்டார் அவரவர் நிலத்தில் புதைக்க வேண்டும். கோயிலைப் பூட்டி ஆராதனையை வெளியில் நடத்த வேண்டும். மூன்றாவது, ஊரைச் சுற்றி ஓர் எல்லை. யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை.

வெளியில் ஆராதனை நடந்த இடம் கக்லெட் டெல்ஃப். ஊருக்குத் தெற்கே, சுண்ணாம்புப் பாறை தானாகக் குடைந்து வளைவுகளாக நிற்கும் ஒரு சிறு பள்ளம். பாறை வளைவில் போதகர் நிற்க, எதிர்ச்சரிவில் குடும்பங்கள் இடைவெளி விட்டு உட்கார்ந்தன. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு தோறும் அங்கே நினைவு ஆராதனை நடக்கிறது. அதையொட்டி ஊரில் கிணறுகளுக்கு அலங்காரம் செய்கிறார்கள். பலகையில் ஈரக் களிமண் பூசி, பூவிதழை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் ஆக்குவது டெர்பிஷயர் வழக்கம். அதைக் கட்டாயம் பாருங்கள்.

அங்கிருந்து ஏறி வந்து, ஸ்டோனி மிடில்டன் ஊர்ப் பாதையில் வயல் வழியாக நடந்தால் எல்லைக்கல். தரையோடு கிடக்கும் கல், மேலே சில குழிகள், அவ்வளவுதான். காசு வழியாக நோய் தொற்றாதிருக்க, குழியில் வினிகர் ஊற்றி அதில் காசு போட்டு வைப்பார்கள். பக்கத்து ஊரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். வடக்கே மேட்டில் மோம்பெசன் கிணறு என்கிற ஊற்றில் ஓடும் தண்ணீரில் காசு போட்டார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபுவும் உணவும் மருந்தும் அனுப்பினார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஸ்டோனி மிடில்டன் வீடுகள் கீழே தெரிகின்றன. ஓடிப்போனால் கால்மணி நேரம் ஆகாது. "இங்கே வேலியும் இல்ல, காவலும் இல்லையே" என்றாள் அக்கா.

எல்லோரும் சமமாக அடைபட்டுக் கிடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வசதியுள்ள சிலர் முன்பே கிளம்பிவிட்டார்கள். மோம்பெசனும் தன் இரண்டு பிள்ளைகளை எல்லை போடுவதற்கு முன் வெளியூர் அனுப்பிவிட்டார். ஒரு தகப்பனாக யாரும் செய்வதுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அனுப்ப இடமில்லாத சுரங்கத் தொழிலாளிகள் அதே பிரசங்கத்தைத் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஈமின் புனிதர்கள் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

அவர்களில் ஒருத்தி எலிசபெத் ஹன்காக். ஊருக்குக் கிழக்கே ரைலி என்ற மேட்டுப் பண்ணையில் 1666 ஆகஸ்டில் எட்டு நாளுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் குழிதோண்டிப் புதைத்தாள். வட்டமான ஒரு சிறு கல்மதிலுக்குள் அந்த நினைவுக் கற்கள் இருக்கின்றன, சுற்றிலும் மேய்ச்சல் நிலம். அங்கே ஜெபம் பண்ணலாம் என்று நின்றேன். வாயில் வந்தது 91-ஆம் சங்கீதம். "இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும்" பயப்படாதிருப்பாய், அது உன்னை அணுகாது என்று வருமே, அது. கொரோனா காலத்தில் எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்ததும் அதுதான். இந்தப் பெண்ணின் வீட்டை அது அணுகியது, ஏழு தடவை. சங்கீதத்தை நான் பாதியில் நிறுத்திவிட்டு, அந்தக் கல்லில் உள்ள பெயர்களை மட்டும் சத்தமாக வாசித்தேன்.

ஆகஸ்ட் 25-ஆம் தேதி மோம்பெசனின் மனைவி கேத்தரினும் இறந்தார், 27 வயதில். கணவனோடு இருப்பேன் என்று தங்கியவர். கல்லறை சிலுவைக்குப் பக்கத்தில், கோயில் முற்றத்திலேயே இருக்கிறது. நவம்பர் 1-ஆம் தேதியோடு மரணங்கள் நின்றபோது, வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 260 பேர். 2016-ல் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், தொற்றில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால், உள்ளேயே இருந்ததற்கு ஊர் கொடுத்த விலை பெரிது. சுற்றுவட்டார ஊர்களோ தப்பின.

இரண்டு போதகர்களின் பிற்காலம் வழிகாட்டிப் பலகைகளில் சிறிய எழுத்தில்தான் கிடைக்கிறது. மோம்பெசன் சில வருடம் கழித்து நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் சேகரத்துக்கு மாறிப்போனார். பிளேக் ஊர்க்காரர் என்று அங்கே ஜனங்கள் பயந்ததால், ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கி, மரத்தடியில் பிரசங்கித்தாராம். ஸ்டான்லியை ஈமைவிட்டு அனுப்ப வேண்டுமென்று சிலர் டெவன்ஷயர் பிரபுவிடமே போனார்கள். பிரபு அதற்கு இணங்கவில்லை. 1670-ல் ஸ்டான்லி இறந்தார், ஈமிலேயே.

போகிறவர்களுக்கு: ஷெஃபீல்டிலிருந்து பேருந்து உண்டு. எல்லைக்கல்லுக்கும் ரைலிக்கும் நடக்க நல்ல காலணி வேண்டும், மழை பெய்தால் வயல் பாதை வழுக்கும். அரை நாள் போதாது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறுக்கு ஏற்பாடு பண்ணுங்கள், டெல்ஃபில் ஆராதனைக்கு உட்கார விரிப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.