ஆயா இல்லாத ஆடிப்பெருக்கு

மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934-இல் எங்கள் ஆயாவுக்கு எட்டு வயது. அணைக்குள் மூழ்கிய ஊர்களில் ஒன்றில்தான் பிறந்தார். வண்டியில் பண்டபாத்திரங்களோடு ஏறி வந்ததும், கொட்டத்தில் கட்டியிருந்த எருமை நகர மறுத்ததும் அவருக்குக் கடைசி வரை நினைவில் இருந்தன.

வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கிப் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டியது என்று செய்தி வந்தால் போதும், ஆயாவுக்குச் சோறு இறங்காது. "என்னைக் கூட்டிப் போ சாமி" என்பார். பரிசலில் போய் நந்தியின் கொம்பைத் தடவிக்கொண்டு நிற்பார். பழைய தேவாலயக் கோபுரத்தைக் காட்டி, "அதற்கு அந்தப் பக்கம் எங்கள் புளியமரம்" என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெடித்த சேறுதான். அவருக்கு அங்கே தெரு இருந்தது, கிணறு இருந்தது, அவருடைய அம்மா இருந்தார்.

அந்த அணையை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. "தஞ்சாவூர்க்காரன் சாப்பிடட்டும்" என்பார். இதை எழுதும்போது தொண்டை அடைக்கிறது.

98 வயது வரை வாழ்ந்துவிட்டு, போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். கல்யாணச் சாவு என்கிறார்கள். இருக்கட்டும், எனக்கு இன்னும் பத்து வருடம் வேண்டியிருந்தது.

இன்று பதினெட்டாம் பெருக்கு. வருடந்தோறும் ஆயா செய்வதுபோல் காதோலை கருகமணியை அம்மா தண்ணீரில் விட்டார். அணையில் நிறையத் தண்ணீர். நந்தி தெரியவில்லை.